உடைப்பு விழுந்த இடத்தில் ஒரு கல் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

எங்கள் ஊர்க் குளத்துக் கரையில் 2023 டிசம்பரில் விழுந்த உடைப்பை அடைத்துவிட்டார்கள். சரள் மண் கொட்டி, ரோலர் ஓட்டி, உட்பக்கம் கல் பாவி, வேலையை நன்றாகவே செய்திருக்கிறார்கள். கரைமேல் இப்போது டிராக்டர் போய் வருகிறது. புதிதாக அந்த வழியே வருகிற ஒருவரிடம் உடைப்பு எங்கே விழுந்தது என்று கேட்டால் காட்டத் தெரியாது. கரைக்குக் கீழே ஒரு தெரு இருந்தது என்பதும் தெரியாது. அந்த இடத்தில் ஒரு கல் நட அனுமதிக்க வேண்டும், கரை ஏன் உடைந்தது என்பதை அதில் எழுத வேண்டும் என்று கேட்பதற்காகவே இதை எழுதுகிறேன். கடிதம் நீண்டுவிட்டது. இடமில்லாமல் குறைத்து வெளியிடுவதானால், தெருவைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

நான் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. ஸ்ரீவைகுண்டம் அணையின் தென்கால் (தெற்கு வாய்க்கால்) பாசனத்தில் உள்ள ஒரு கிராமத்தில் பிறந்தவள். நான் பிறந்த காலத்தில் எல்லாம் ஒரே திருநெல்வேலி ஜில்லா. 1986-இல் பிரித்த பிறகுதான் எங்கள் ஊர் தூத்துக்குடி மாவட்டத்துக்குப் போயிற்று. கல்யாணமாகிப் பாளையங்கோட்டைக்கு வந்துவிட்டாலும் அண்ணன் குடும்பம் அந்தத் தெருவிலேயே இருந்தது. கோயில் கொடைக்குப் போவேன், பொங்கலுக்குப் போவேன், மனசு சரியில்லை என்றாலும் பஸ் ஏறிப் போய்விடுவேன்.

ஊரில் அதைக் கீழத்தெரு என்பார்கள். குளம் மேற்கே, கரை தெற்கு வடக்காக ஓடும், கரையடியில் ஒரு ஓடை, ஓடைக்குக் கிழக்கே எங்கள் வீடுகள். குளம் பெருகிக் கிடக்கும்போது அதன் தண்ணீர் மட்டம் எங்கள் வாசல் நிலையைவிட உயரத்தில் நிற்கும். சின்ன வயதில் இதைப் பற்றி யாரும் பயந்து பார்த்ததில்லை. வாழைத்தார் வெட்டுகிறவர்கள், வெற்றிலைக் கொடிக்காலில் வேலை செய்கிறவர்கள், ஓலைப்பெட்டி முடைகிற ஆச்சிமார், ஒரு தையல்கார அண்ணாச்சி, காலையில் மட்டும் இட்லி சுட்டு விற்கிற ஒரு மதினி என்று இருந்த தெரு. நாலைந்து வீடுகளுக்குத்தான் தட்டட்டி உண்டு. மற்றதெல்லாம் ஓட்டு வீடு, பாதி மண்சுவர். வடக்கு முனையில் முத்தாரம்மன் கோயில், தெற்கே கரை ஓரமாகச் சுடலைமாடன் பீடம். கொடைக்கு வில்லுப்பாட்டு நடக்கும்போது கரைச் சரிவில் பாய் விரித்து உட்கார்ந்துதான் கேட்போம். அந்தச் சரிவுதான் எங்களுக்கு மேடை, மைதானம், துணி காயப்போடுகிற இடம் எல்லாம்.

கரை எங்கள் அப்பா காலத்தில் ஊராரின் பொறுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் ராத்திரி முறை வைத்துக் கரைக்காவல் போவார்கள். அரிக்கேன் விளக்கு, மண்வெட்டி, வெறுஞ்சாக்கு, வைக்கோல் இவ்வளவுதான் சாமான். அப்பா ஒருமுறை என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கரையின் வெளிப்பக்கம் ஓரிடத்தில் தண்ணீர் கசிந்துகொண்டிருந்தது. அப்பா குனிந்து உள்ளங்கையில் ஏந்தி, விளக்கு வெளிச்சத்தில் நெடுநேரம் பார்த்தார். தெளிந்த தண்ணீராக இருந்தது. "சரி, சும்மா ஊறுது, பயமில்ல" என்றார். கலங்கி வந்தால்தான் ஆபத்து, கரைக்குள்ளே மண்ணை அரித்து எடுத்துக்கொண்டு வருகிறது என்று அர்த்தம், உடனே ஆளைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தார். நண்டு வளையும் எலி வளையும் எங்கே இருக்கின்றன, எந்த மரத்தின் வேர் பட்டுப்போனால் கரைக்குள் பொந்து விழும், எந்த இடத்தில் மாடு இறங்கி இறங்கிக் கரை தாழ்ந்திருக்கிறது என்பதெல்லாம் அந்த ஆட்களுக்கு வீட்டுக் கணக்குப் போலத் தெரியும். அப்புறம் அந்தக் காவல் நின்றுபோயிற்று. கரையும், உபரித் தண்ணீர் வழிந்து போகிற மறுகாலும் அலுவலகத்தின் பொறுப்பு என்று ஆனது. அப்படி ஆனதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அந்த அலுவலகத்திலிருந்து கசியும் தண்ணீரைக் கையில் ஏந்திப் பார்க்க யாரும் வரவில்லை.

2023 டிசம்பர் 17 ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். விடிகாலையில் திருப்பாவை பாடப் போனவர்கள் நனைந்துகொண்டே திரும்பினார்கள். மழை விடவே இல்லை. மறுநாள் காலை வரை காயல்பட்டினத்தில் 95 செ.மீ., திருச்செந்தூரில் 69 செ.மீ., ஸ்ரீவைகுண்டத்தில் 62 செ.மீ. பெய்தது என்று பிறகு கணக்குச் சொன்னார்கள். ஒரு வருஷத்து மழைக்கு மேல் ஒரு நாளில் கொட்டியிருக்கிறது. இவ்வளவு பெரிய மழை என் ஆயுளில் இல்லை, அப்பா ஆயுளிலும் இருந்திருக்காது. இதை நான் எங்கேயும் மறைக்கவில்லை.

எங்கள் பக்கத்துக் குளங்கள் தனித்தனியாக இருப்பவை அல்ல. தென்காலில் வருகிற தண்ணீரில் ஒன்று பெருகினால் மறுகால் பாய்ந்து அடுத்ததற்குப் போகும். அது பெருகினால் அதற்கடுத்தது. மேலே ஒரு குளம் உடைந்தால் அதன் தண்ணீர் மொத்தமும் கீழே உள்ள குளத்தின் தலையில் வந்து விழும். அன்று இரவு அதுதான் நடந்தது. எங்கள் குளத்தின் மறுகால் ஒழுங்காக இருந்திருந்தால் கொஞ்சமாவது தாங்கியிருக்கும் என்பது அண்ணனின் எண்ணம், ஊர்க்காரர்களின் எண்ணமும் அதுதான். மறுகால் மதகில் ஆகாயத்தாமரை பாய் விரித்த மாதிரி அடைத்துக் கிடந்தது. ஷட்டர்களில் பாதி தூக்க வரவில்லை. மறுகால் ஓடையை இரண்டு பக்கமும் ஒடுக்கிவிட்டிருந்தார்கள். கரை ஓரிடத்தில் தாழ்ந்திருப்பதாக அதற்கு முந்தைய வருஷமே குறைதீர்க்கும் நாளில் மனு கொடுத்து, ரசீதும் வாங்கி வைத்திருந்தார்கள். அந்தத் தாழ்ந்த இடத்தில்தான் தண்ணீர் முதலில் மேலேறி வழிந்தது. வழிந்த தண்ணீர் வெளிப்பக்கச் சரிவை அரித்தது. அரித்த இடம் சரிந்ததும் கரை போயிற்று. நடுராத்திரிக்கு மேல்.

சத்தம் கேட்டதும் அண்ணன் ஓடிப்போய்க் கதவு கதவாகத் தட்டினான். ரேஷன் கடைக் கட்டிடம் தளம் போட்டது என்பதால் எல்லோரையும் அதன் மேலே ஏற்றினார்கள். ஏணி இல்லை. சேலைகளை முடிந்து மேலே இருந்து இழுத்திருக்கிறார்கள். விடிந்து பார்த்தால் தெரு இல்லை, தண்ணீர்தான். செல்போன் டவர் வேலை செய்யவில்லை, கரண்ட் இல்லை, ரோடு அறுந்துவிட்டது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நகர முடியாமல் நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். எங்களுக்கு அண்ணன் குரலைக் கேட்கும்வரை உயிர் கையில் இல்லை. இங்கே திருநெல்வேலியில் வண்ணாரப்பேட்டையிலும் மீனாட்சிபுரத்திலும் தண்ணீர் ஏறியிருந்தது. தாமிரபரணி ஆற்றுக்குள் இருக்கும் குறுக்குத்துறை முருகன் கோயில் எவ்வளவு மூழ்கியிருக்கிறது என்று பார்த்து ஆற்றின் வேகத்தைக் கணக்கிடுவது இந்த ஊர்ப் பழக்கம். அன்று கோயில் இருக்கும் இடமே தெரியவில்லை என்றார்கள்.

மூலை வீட்டு ஆச்சி வெளியே வரவில்லை. காது சரியாகக் கேட்காது. தண்ணீர் வடிந்த பிறகு வாழைத் தோட்டத்தில்தான் கண்டெடுத்தார்கள். என் அம்மாவுக்குப் பிரசவம் பார்த்த ஆச்சி அவள். நான் பூமியில் வந்து விழுந்தது அவள் கையில்தான்.

ரோடு சரியானதும் அண்ணன் மகனோடு போனேன். முழங்கால் அளவு சேறு. மண்சுவர் வீடுகள் எல்லாம் கரைந்து போயிருந்தன. கரைந்தது என்றால் இடிந்து குவிந்து கிடப்பது இல்லை, தடயமே இல்லாமல் போவது. ஆனால் ஆட்டுரல்கள் மட்டும் அந்தந்த இடத்தில் அப்படியே நின்றன. ஒவ்வொரு வீட்டு அடுக்களையும் எங்கே இருந்தது என்பதை அவற்றை வைத்துத்தான் கண்டுபிடித்தோம். எங்கள் வீட்டு ஆட்டுரலின் குழி நிறையச் சேறு, அதில் ஒரு சிறு மீன் செத்துக் கிடந்தது. குழவியைக் காணவில்லை. அம்மா அந்த உரலில் எத்தனை வருஷம் மாவாட்டியிருப்பாள்! வாய்ப்பக்கம் ஒரு ஓரம் தேய்ந்து பளபளவென்று இருக்கும். சேற்றைக் கையால் வழித்துவிட்டுப் பார்த்தேன், அந்தத் தேய்மானம் அப்படியே இருந்தது. பிள்ளைகள் தங்கள் பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டையும் சாதிச் சான்றிதழையும் கரைமேல் பரப்பி நாலு மூலையிலும் கல் வைத்துக் காயப்போட்டிருந்தார்கள். நான் பாடம் சொல்லிக்கொடுத்த வயதுப் பிள்ளைகள். அவர்களிடம் என்ன பேசுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அரசு குடும்பத்துக்கு 6,000 ரூபாய் கொடுத்தது. சாப்பாடு, துணி, பாய் என்று எங்கிருந்தெல்லாமோ லாரி லாரியாக வந்தது. கொடுத்த ஒவ்வொருவருக்கும் நாங்கள் கடன்பட்டிருக்கிறோம். வீடு போனவர்களுக்குத்தான் சிக்கல். பட்டா யார் பெயரில் இருக்கிறது என்று கேட்டார்கள். தாத்தா பெயரில் இருக்கும், அவருக்குப் பிறகு யாரும் மாற்றியிருக்க மாட்டார்கள். சில வீடுகளுக்குத் தாள் ஒன்றுமே இல்லை. குளத்துப் புறம்போக்கில் குடியிருந்தால் இப்படித்தான் நடக்கும் என்று ஒருவர் அண்ணன் முகத்துக்கு நேரே சொன்னாராம். அண்ணனுக்கு வீடு போனதைவிட அந்தப் பேச்சுதான் இன்றுவரை ஆறவில்லை. பாதிக் குடும்பங்கள் திரும்பவில்லை. சிலர் இங்கே பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் வாடகைக்கு இருக்கிறார்கள், சிலர் திருப்பூர் போய்விட்டார்கள். தையல்கார அண்ணாச்சி மகள் வீட்டில் இருக்கிறார். மெஷின் போய்விட்டது.

இப்போது ஏன் கல் கேட்கிறேன் என்பதற்கு வருகிறேன்.

2025-இல் அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் மகளிடம் போயிருந்தேன். அங்கிருந்து காரில் கிழக்கே ஐந்தாறு மணி நேரம் போனால் நியூ ஆர்லியன்ஸ். 2005 ஆகஸ்ட் 29-இல் கத்ரீனா புயல் அடித்து 2025 ஆகஸ்டோடு இருபது ஆண்டு ஆனது. டிவியில் அதைக் காட்டியபோது ஒரு தெருவைப் பார்த்து நான் எழுந்து கிட்டப் போய் நின்றுவிட்டேன். வீடு இல்லை, வாசற்படி மட்டும் புல்லுக்குள் நின்றது. "அம்மா, போய்ப் பார்ப்போமா?" என்று மகளே கேட்டாள்.

லோயர் நைன்த் வார்டு என்று பெயர். புயலுக்கு முன் சுமார் 14,000 பேர் வாழ்ந்த பகுதி, பெரும்பாலும் கறுப்பின மக்கள், தலைமுறை தலைமுறையாகச் சொந்த வீடு வைத்திருந்தவர்கள். மேற்கே இண்டஸ்ட்ரியல் கால்வாய் என்ற கப்பல் கால்வாய். அதன் கரைமேல் கான்கிரீட் வெள்ளத் தடுப்புச் சுவர். சுவரை ஒட்டி ஜோர்டான் அவென்யூ என்ற தெரு. வீடுகளில் பல கடல் மட்டத்துக்கும் கீழே. கரை மேற்கே, தெரு கிழக்கே! நான் அங்கே நின்று கரையை அண்ணாந்து பார்த்தபோது எனக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அன்று காலை அந்தச் சுவர் இரண்டு இடத்தில் உடைந்தது. பெரிய உடைப்பு 800 அடி நீளத்துக்கு மேல். ஒரு பெரிய சரக்குத் தோணியே அந்த வழியாக உள்ளே வந்து வீடுகளுக்கு நடுவே கிடந்தது. வீடுகள் அஸ்திவாரத்தை விட்டுக் கிளம்பி ஒன்றோடொன்று மோதின. அந்தப் பெரிய உடைப்பில், சுவருக்கு மேலே வழிந்த தண்ணீர் சுவரின் வெளிப்பக்க அடிமண்ணைப் பள்ளமாகத் தோண்டியதில் சுவர் நின்ற இடத்திலேயே நிலைகுலைந்தது என்று ஆராய்ந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். எங்கள் குளத்தில் நடந்ததும் இதேதான். அவர்களுடையது கான்கிரீட், எங்களுடையது மண்.

அதே நகரத்தில் 17-வது தெருக் கால்வாய், லண்டன் அவென்யூ கால்வாய் என்று வேறு இரண்டு கால்வாய்களிலும் சுவர் உடைந்தது. அங்கே தண்ணீர் சுவரின் உச்சியைத் தொடவே இல்லை. அதற்கு முன்பே சுவர் சாய்ந்துவிட்டது. சுவரைத் தாங்க மண்ணுக்குள் இறக்குகிற எஃகுத் தகடுகளைப் போதுமான ஆழத்துக்கு இறக்கவில்லை, அடியில் இருந்தது இளகிய களிமண்ணும் மணலும் என்பதைச் சரியாகக் கணக்கில் எடுக்கவில்லை. லண்டன் அவென்யூவில் சுவருக்கு அடியில் புகுந்த நீர் மணலை அரித்துக்கொண்டு வெளியேறியிருக்கிறது. அப்பா உள்ளங்கையில் ஏந்திப் பார்த்துச் சொன்ன அந்தக் கலங்கல் தண்ணீர்தான் இது. நகரத்தில் ஏறக்குறைய 80 சதவீதம் மூழ்கியது. புயல் கரை கடக்கும்போது அதன் பலம் ஐந்து ரகங்களில் மூன்றாம் ரகத்துக்கு இறங்கியிருந்தது. முதலில் எல்லோரும் புயலைத்தான் சொன்னார்கள். அந்த நகரத்து மக்கள் விடவில்லை. சுவரைக் கட்டிய அமெரிக்க ராணுவப் பொறியாளர் படையே 2006 ஜூனில் 6,000 பக்கத்துக்கு மேற்பட்ட அறிக்கையை வெளியிட்டு, வடிவமைப்பில் கோளாறு இருந்தது என்று ஒப்புக்கொண்டது. பழைய சட்டம் ஒன்று அந்தப் படைக்குப் பாதுகாப்புக் கொடுப்பதால் வழக்குப் போட்டவர்களுக்குக் காசு பெரிதாகக் கிடைக்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் உண்மை தாளில் ஏறிவிட்டது.

லண்டன் அவென்யூ உடைப்புக்கு எதிரே ஒரு வீட்டை, தண்ணீர் வடிந்த அன்று எப்படி இருந்ததோ அதே மாதிரி சேறும் கவிழ்ந்த சாமான்களுமாகத் திரும்ப அமைத்து வைத்திருக்கிறார்கள். உள்ளே போக முடியாது, ஜன்னல் வழியாகப் பார்க்க வேண்டும். பக்கத்தில் சுவர் எப்படி, எதனால் உடைந்தது என்பதை விளக்கும் பலகைகள். அரசு செய்ததில்லை, அந்த ஊர்ப் பெண் ஒருவர் தொடங்கிய அமைப்பு செய்தது. மகள் படித்துச் சொல்லச் சொல்லக் கேட்டேன். நான் எதிர்பார்த்தது இறந்தவர்களுக்கான இரங்கல் வாசகம். அங்கே எழுதியிருந்தது பொறியியல். மண், ஆழம், தகட்டின் நீளம். இதை ஏன் ஊரார் நினைவாக வைத்திருக்கிறார்கள் என்று அங்கே நிற்கும்போதே எனக்கு விளங்கிவிட்டது. அந்த ஊர்க்காரர்களையும் பார்த்து "இவ்வளவு பள்ளத்தில் ஏன் குடியிருந்தீர்கள்?" என்று கேட்டார்கள். வீடு கட்ட உதவிப் பணம் கொடுத்தபோதும் புயலுக்கு முன் அந்த வீடு என்ன விலைக்குப் போகும் என்று பார்த்துக் கொடுத்தார்கள். ஏழைத் தெருவில் வீட்டு விலை குறைவு, ஆனால் செங்கலும் சிமெண்டும் எல்லாத் தெருவுக்கும் ஒரே விலைதானே. பாட்டன் பெயரிலேயே பத்திரம் இருந்ததால் பலருக்கு அதுவும் கிடைக்கவில்லை. புயலுக்கு முன் இருந்தவர்களில் பாதிப் பேர்கூட லோயர் நைன்த் வார்டுக்குத் திரும்பவில்லை. தெருவின் மீதும் குடியிருந்தவர்கள் மீதும் பழி விழாமல் தடுக்க அவர்களிடம் இருந்தது அந்தப் பலகைகள்தான்.

அங்கே 1965-லும் பெட்ஸி என்ற புயலில் இதே கால்வாய்க் கரை உடைந்து வெள்ளம் வந்திருக்கிறது. அப்போது ஓட்டுக்குக் கீழே பரணில் மாட்டிக்கொண்டு செத்தவர்கள் உண்டு என்பதால், பெரியவர்கள் பரணில் ஒரு கோடாலியை வைத்திருப்பார்களாம், கூரையை உடைத்து வெளியே வர. 2005-இல் அந்தக் கோடாலி சில வீடுகளில் உயிரைக் காப்பாற்றியது. ஒவ்வொரு ஆகஸ்ட் 29-ஆம் தேதியும் உடைப்பு விழுந்த இடத்தில் கூடி, இறந்தவர்களின் பெயர்களைப் படித்து, அப்புறம் பேண்ட் வாத்தியத்தோடு தெருவழியே ஊர்வலம் போகிறார்கள்.

ஆசிரியை என்பதால் இன்னொன்றையும் எழுதத் தோன்றுகிறது. அந்தப் பகுதியில் மெக்டொனோ 19 என்று ஒரு பழைய பள்ளிக்கூடம். 1960 நவம்பர் 14-இல், நாம் இங்கே குழந்தைகள் தினம் கொண்டாடுகிற அதே தேதியில், ஆறு வயதுக் கறுப்பினச் சிறுமிகள் மூன்று பேர் அதுவரை வெள்ளைப் பிள்ளைகள் மட்டும் படித்த அந்தப் பள்ளிக்குள் காவலர்கள் துணையோடு நடந்து போனார்கள். வெள்ளத்துக்குப் பிறகு பாழடைந்து கிடந்த கட்டிடத்தை அந்த மூவரில் ஒருவரான லியோனா டேட் என்பவரே முயற்சி எடுத்து மீட்டு, 2022-இல் மையமாகத் திறந்திருக்கிறார். மேலே முதியவர்களுக்கு வீடுகள். அந்தப் படிக்கட்டில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன்.

ஊருக்குத் திரும்பியதும் இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். "நமக்கும் ஒரு கல் நடணும், தங்கச்சி" என்றான். தெருக்காரர்களைக் கேட்டோம். எல்லோருக்கும் சம்மதம். கரைமேல் எதையும் நட அனுமதி வேண்டும் என்பதால் போய்க் கேட்டார்கள். நினைவுக் கல் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் இயற்கைப் பேரிடர் என்று மட்டும் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிரச்சினையாகும் என்று பதில் வந்திருக்கிறது. அதனால்தான் உங்களுக்கு எழுத வேண்டியதாயிற்று.

யாரையும் சிறைக்கு அனுப்ப நாங்கள் கேட்கவில்லை. மழை அசாதாரணமானது என்பதையும் கல்லில் முதல் வரியாகவே எழுதுவோம், செ.மீ. கணக்கோடு. அடுத்த வரியில் ஷட்டர்கள் தூக்க வரவில்லை என்பது வேண்டும். மறுகால் அடைந்திருந்தது, கரை தாழ்ந்திருந்தது, அது முன்கூட்டியே தெரிந்திருந்தது என்பது வேண்டும். பொறியாளர்கள் உடைப்பை அடைப்பதற்கு முன் கட்டாயம் ஆராய்ந்திருப்பார்கள். அதை வெளியிடட்டும். 6,000 பக்கம் வேண்டாம், ஆறு பக்கம் போதும். எங்கள் எண்ணம் தவறு, வேறு காரணத்தால்தான் உடைந்தது என்று அந்த ஆறு பக்கம் காட்டினால் அதையே எழுதுகிறோம்.

பழசைக் கிளறாதே என்று சொல்கிறவர்களுக்கு ஒன்று. பாண்டிய நாட்டுக் குளங்களில் பழைய மடைத்தூண்களைப் பாருங்கள். மடையைச் செய்து வைத்தவர் இன்னார் என்று கல்லில் வெட்டியிருப்பார்கள். நம் ஊர்ப் பாலத்துக்குச் சுலோச்சன முதலியார் பெயர் 1843-இலிருந்து நிலைத்திருக்கிறது. கட்டியவரைக் கல்லில் வைத்த ஊர், கரை உடைந்த காரணத்தையும் கல்லில் வைப்பதில் என்ன தவறு? அடுத்து ஒரு பெரிய மழை வரும்போது அந்த ஊரில் நாங்கள் யாரும் இருக்க மாட்டோம். புதிதாக மாற்றலாகி வருகிற அதிகாரி கரைமேல் நடந்து போகிறபோது, ஷட்டரைத் தூக்கிப் பார்க்க வேண்டும் என்று அவருக்குச் சொல்ல ஆள் வேண்டும். மனு காணாமல் போகும், கோப்பு மாறிப்போகும். கல் அங்கேயே நிற்கும்.

கல்லின் உயரத்தையும் யோசித்து வைத்திருக்கிறோம். ரேஷன் கடைச் சுவரில் அன்று தண்ணீர் நின்ற அடையாளம் இன்னும் இருக்கிறது. அந்த மட்டத்துக்குச் சமமாகக் கரையடியில் நிற்கும்படி வைக்க வேண்டும் என்பது பிள்ளைகளின் விருப்பம். ஆச்சியின் பெயரை எழுத அவள் மகன் சம்மதம் கொடுத்துவிட்டார். செலவைத் தெருக்காரர்கள் பங்கு போட்டுக்கொள்கிறோம், வெளியூர் போனவர்களும் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார்கள். கல் கொத்துகிறவரிடம் பேசியாகிவிட்டது. வருகிற டிசம்பர் 17-க்குள் நட முடிந்தால் நல்லது, அன்று எல்லோரும் ஊருக்கு வருகிறார்கள். அனுமதி கொடுக்க வேண்டியவர்கள் உங்கள் நாளிதழைப் படிக்கிறவர்கள்தான். கடிதத்தை அந்தத் தேதிக்கு முன்பாக வெளியிட்டால் உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
பாளையங்கோட்டை.